அடிப்படை மதிப்பு யாருடையது?

2025 அக்டோபரில் ஸ்டெயின்பர்க் நிறுவனம் விஎஸ்டி 3.8-ஐ எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. ஜிபிஎல்லை ஏற்க வேண்டும், இல்லையேல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. தனி ஆளாக ப்ளக்இன் எழுதுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மனமார வரவேற்கிறோம். ஆனால் நம் வாசகர்களில் பெரும்பாலோர் ப்ளக்இன்னை எழுதுபவர்கள் அல்ல, அதை வைத்து ஒலி அமைப்பவர்கள். உரிமம் மாறியதால் அவர்களுடைய ப்ராஜெக்ட்டில் ஒரு நாப் கூட வேறுவிதமாக இயங்கப்போவதில்லை.

நாம் பலமுறை எழுதிய குறை அப்படியே இருக்கிறது. விஎஸ்டி3-இல் ஒரு பாராமீட்டருக்கு ஒரே மதிப்பு. அதைச் சாம்பிள் துல்லியத்தில் ஆட்டோமேட் செய்யலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்ஆஃபை நாம் கையால் வைத்த இடம் எது, ஹோஸ்ட்டின் எல்எஃப்ஓ அதன்மேல் ஏற்றி இறக்குவது எவ்வளவு என்று ப்ளக்இன்னுக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டிய தொகை மட்டும்தான் அதற்குப் போகிறது. எல்எஃப்ஓ உச்சியில் இருக்கும் நொடியில் ப்ளக்இன்னுக்குள் ப்ரீசெட்டைச் சேமித்தால், அந்த உச்சிதான் பதிவாகிறது. மாதங்கள் கழித்து, ரீ-எடிட் ஆகித் திரும்பிவந்த ரீலுக்காக அதே ப்ரீசெட்டை எடுக்கிறோம். ஃபில்டர் அகலத் திறந்து கிடக்கிறது. அது யார் வைத்த மதிப்பு? யாரும் வைக்கவில்லை. காதால் கேட்டு, தேடித்தேடி நிறுத்திய இடத்தை ஒரு தற்செயல் நொடி அழித்துவிட்டது. இதை வசதிக் குறைவு என்று ஒதுக்க முடியாது. ஒலியமைப்பாளர் எடுத்த முடிவே தொலைந்துபோகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2022 ஜூனில் யு-ஹீயும் பிட்விக்கும் வெளியிட்ட கிளாப் என்ற ப்ளக்இன் தரம், பாராமீட்டர் மதிப்பையும் மாடுலேஷனையும் இரண்டு தனி நிகழ்வுகளாக அனுப்புகிறது. மாடுலேஷன் நின்றால் நாப் வைத்த இடத்து ஒலி திரும்புகிறது. நோட் அடையாளத்தோடும் அனுப்பலாம் என்பதால் ஒரே கார்டின் நான்கு நோட்டுகளுக்கு நான்கு கட்ஆஃப் அசைவுகள் கிடைக்கும். ப்ளக்இன் அதற்கு இசைவு அறிவித்திருக்க வேண்டும். எல்லாம் அறிவிப்பதில்லை என்பதும் உண்மை. 2011-இல் விஎஸ்டி 3.5-உடன் வந்த நோட் எக்ஸ்பிரஷனைச் சிலர் பதிலாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் ப்ளக்இன் தயாரிப்பாளர் தனியே வரையறுத்தாக வேண்டிய ஏற்பாடு அது. அடிப்படை மதிப்பைக் காப்பாற்றுவது அதன் வேலையும் அல்ல.

விஎஸ்டி2-க்குப் புதிய உரிமம் தருவதை ஸ்டெயின்பர்க் 2018 அக்டோபரில் நிறுத்தியது. தங்கள் ஹோஸ்ட்டுகளில் 24 மாதங்களுக்குள் அதன் ஆதரவு முடியும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். பழைய ப்ராஜெக்ட்டுகளின் ஆட்டோமேஷனை என்ன செய்வது என்று தவித்தவர்கள் நாம். எடுத்துக்கொள்வதற்கு இவ்வளவு துல்லியமாகக் கெடு குறிக்கத் தெரிந்தவர்கள், விஎஸ்டி3 வெளிவந்து 17 ஆண்டுகளுக்கு மேலாகியும் மாடுலேஷனுக்கு ஒரு நிகழ்வு வகையைச் சேர்க்கவில்லை. 2024-இல் க்யூபேஸ் 14-இல் மாடுலேட்டர்களை அவர்களே கொண்டுவந்தார்கள். ஆக, தேவை தெரியாமல் இல்லை. தங்கள் ஹோஸ்ட்டுக்கு வேண்டும் என்று கண்டதை, எல்லோரும் நம்பியிருக்கும் தரத்தில் சேர்க்க மட்டும் ஏன் மனம் வரவில்லை? தரத்தை வகுக்கும் மேசையில் ஒலியமைப்பாளருக்கு இன்றுவரை இடமில்லை. எம்ஐடி உரிமம் வந்ததால் யார் வேண்டுமானாலும் நகலெடுத்து நீட்டலாம் என்பார்கள். ஹோஸ்ட்டுகள் படிக்காத நீட்சியால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அடிப்படை மதிப்பைத் தொடாத மாடுலேஷன், நோட் அடையாளத்தோடு, அடுத்த விஎஸ்டி3 வெளியீட்டிலேயே வர வேண்டும். ப்ளக்இன் வாங்கும் வாசகர்கள், கிளாப் பதிப்பு உண்டா, எந்தெந்தப் பாராமீட்டர்கள் நோட் வாரியாக மாடுலேஷனை ஏற்கின்றன என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். அதுவரை விஎஸ்டி சிந்த்தில் ப்ரீசெட் சேமிக்குமுன் ஹோஸ்ட்டின் மாடுலேட்டரை அணைத்து, நாப் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே சேமியுங்கள்.