எண் போதும் என்றார்கள். பெயர் எங்கே என்கிறோம்!



வயது 19. மீசை அரும்பும் பருவம். பிறந்தது கல்கத்தாவில், 1898-ஆம் ஆண்டு. மாண்டது பிரான்சு நாட்டின் வானத்தில், 1918 ஜூலை 22-ஆம் நாள். பெயர் இந்திரலால் ராய்.

முதல் உலகப் போர் நடந்த காலம். பிரிட்டிஷ் விமானப் படையில் சேரப் போனவனைக் கண்பார்வை போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய் முடங்கினானா? இல்லை! மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, பார்வையில் பழுதில்லை என்ற சான்றோடு திரும்பி வந்தான் என்கிறார்கள் அவன் வரலாற்றை எழுதியோர். 1917 ஜூலையில் அதிகாரியானான். டிசம்பரில் அவன் ஓட்டிய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. செத்தான் என்று பிணவறையில் கிடத்தினார்களாம். உள்ளேயிருந்து கதவைத் தட்டினானாம்!

உடல் தேறியவன் 1918 ஜூனில் 40-ஆம் விமானப் பிரிவில் சேர்ந்தான். ஜூலையில், இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகள்! மூன்றாம் நாள் முடிவு வந்தது. கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபாக்கர் விமானங்களோடு மோதியபோது வீழ்ந்தான். செப்டம்பரில் டி.எஃப்.சி. என்னும் வீர விருது அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியன் அவனே. வாங்கிக்கொள்ள அவன் இல்லை.

அவன் வெள்ளையனின் போரில் செத்தவன்தானே, அவனை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த நாளில் இந்தியத் தரைப்படையில் நரைத்த தலையோடு நிற்கும் சுபேதாரும், நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞனுக்குக் கீழேதான். கறுத்த தோல் சுமக்கலாம், சுடலாம், சாகலாம், ஆணையிடக் கூடாது! அந்த ஆணவம் தரையில் ஆட்சி செய்த நாளில், வானத்தில் ஏறி அதைப் பொய்யாக்கினான் இந்த இளைஞன். அதனால் நினைக்கிறோம். ஆனாலும் பாடம் படிக்க ஆட்சியாளருக்கு ஆண்டுகள் பல பிடித்தன. இந்திய விமானப் படை பிறந்ததே 1932-ல்தான். அதன் முதல் இந்திய விமானிகளில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, இந்திரலாலின் உறவினர். 1954-ல் அப்படைக்கே தலைவரானார்.

இந்திரலாலுக்கு எஸ்தவேல் என்ற பிரெஞ்சுச் சிற்றூரில் கல்லறை இருக்கிறது. கல்லில் அவன் தாய்மொழியாம் வங்கமொழி இருக்கிறது. கல்கத்தாவில் அவன் பெயரால் வீதி இருக்கிறது. 1998-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. இருக்கட்டும், இன்னும் பெருகட்டும்! வீரனுக்குச் செய்யும் சிறப்பில் நமக்குப் பொறாமை இல்லை.

நம் கேள்வி வேறு. இந்திரலாலின் தந்தை பாரிஸ்டர். படித்த பள்ளி இலண்டனில். விற்பதற்கு அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. மண்வெட்டியைத் தவிர ஏதுமில்லாமல் அதே போருக்குப் போனானே, அந்தத் தமிழன் எங்கே?

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் 10 இலட்சத்துக்கும் மேல். மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000. சென்னை மாகாணத்துச் சாப்பர்கள், குழி வெட்டவும் பாலம் கட்டவும் பாதை போடவும் மெசபடோமியாப் பாலைவனம் வரை போனார்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர்கள் 277; உயிர் கொடுத்தவர்கள் 14 என்கிறது அது. அந்தப் 14 பேர் யார்? கல் சொல்லவில்லை!

வேலூர்க் கல் சிறியது. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் பெரியது. 40,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்காக 1929-ல் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் அதில் உண்டு. இந்திய அதிகாரியின் பெயரும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை! வெயில் ஒன்று, குண்டு ஒன்று, குருதியின் நிறம் ஒன்று. கல்வெட்டில் மட்டும் சாதி இரண்டு. நாம் கோபத்தில் சொல்வதல்ல இது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு, இந்தியரும் ஆப்பிரிக்கரும் அடங்கிய 45,000 முதல் 54,000 வீரர்கள் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. பெயரின்றியோ, நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டோர் 1,16,000-க்குக் குறையார் என்றும் கூறியது.

நம் புதுக்கோட்டை மண்ணுக்கு இந்த வழக்கம் தெரியாது. பொற்பனைக்கோட்டையில் கிடைத்த நடுகல்லைக் கேளுங்கள். ஆநிரைப் போரில் மாண்ட ஒரு வீரனின் பெயரை, பழந்தமிழ் எழுத்தில், நூற்றாண்டுகள் பல கடந்தும் அது சொல்கிறது. அவன் மன்னனல்லன், மன்னனுக்குத் துணை நின்ற மறவன். மாட்டுக்காகச் செத்தவனையும் பெயர் சொல்லிப் போற்றிய மண்ணின் பிள்ளைகளைத்தான், பேரரசுக்காகச் செத்தபோது எண்ணாக்கி விட்டார்கள்.

தோழர்களே, வெறும் வேதனை போதாது, வேலை இருக்கிறது. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும், கந்தர்வகோட்டையிலும் கீரனூரிலும், "எங்கள் பாட்டனார் பட்டாளத்துக்குப் போனவர்" என்று சொல்லும் வீடு இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். பரணில் பழைய பதக்கம் கிடந்தால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டாம். அங்கே அரசன் தலைதான் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரின் பதக்கங்களில், பெற்றவனின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பில் பொறிக்கப்பட்டன. அதை எழுதிக்கொள்ளுங்கள். கிழவியின் நினைவில் இருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லறை ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக் கிடக்கிறது. படித்த பிள்ளைகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். உறுதியான பெயர்களை ஊராட்சி மன்றத்தில் வைத்து, ஊர்ப் பொதுவிடத்தில் கல் நடச் சொல்லுங்கள்.

அந்தக் கல்லில் பட்டம் வேண்டாம், பதவி வேண்டாம், சாதி வேண்டவே வேண்டாம். பெயரும் ஊரும் ஆண்டும் போதும். எஸ்தவேலில் உறங்கும் 19 வயது விமானிக்குக் கிடைத்த மரியாதை, மண்வெட்டி பிடித்துச் செத்த நம் ஊர்க்காரனுக்கும் கிடைக்கட்டும்!