சரக்கும் உறக்கமும்

செம்பூர், மாட்டுங்கா இளைஞர்கள் சிலர் பழைய வேனில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, அதிலேயே படுக்கையும் போட்டு ஊர் சுற்ற விரும்புகிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் ரயில்வேயின் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். வயதான பயணிகள் பெட்டியின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, கோடியில் கதவு வைத்து, வாகனம் ஏற்றும் பெட்டியாக்குகிறார்கள். பிறகு அதில் பயணிகளை ஏற்றுவதில்லை. பார்சலில் அனுப்பும் மோட்டார் சைக்கிளுக்கும் பெட்ரோலை வடித்தாக வேண்டும். காரணம் எளியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், ஒரு தீப்பொறி போதும்.

சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. எனவே ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், பட்டறை பிறகு. இரவில் மோட்டார் சைக்கிளை வெளியே இறக்கிவிட்டு, கதவைத் திறந்து காற்றாடவிட்ட பின்பே படுங்கள். அந்தச் சிரமத்துக்குச் சோம்பினால், இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.