ஒரு குவார்ட்டரில் எத்தனை கிராம்? பதின்பருவத்தினருக்குச் சொல்லப்படாத கணக்கு

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று மதுரை வட்டாரப் பள்ளிகளில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. 'குடி குடியைக் கெடுக்கும்' என மாணவர்கள் முழங்குகின்றனர். குடும்பம் கெடும் என்பதை அவ்வாசகம் சொல்கிறது; உடலுக்குள் என்ன நிகழும் என்பதை எவரும் சொல்வதில்லை.

மேலூர், வாடிப்பட்டிப் பகுதிக் குடியிருப்புகளில் சட்ட உரிமை வகுப்பு நடத்தச் செல்லும்போது, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் மூன்று நம்பிக்கைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பீர் மதுவாகாது. மோரோ எலுமிச்சைச் சாறோ குடித்தால் தெளிந்துவிடும். ஒரு குவார்ட்டர் என்பது அளவான குடி.

மூன்றும் தவறு, மூன்றாவது மிகவும் ஆபத்தானது. குவார்ட்டர் என்பது 180 மில்லி லிட்டர். பிராந்தி, ரம் ஆகியவற்றில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. கணக்கிட்டால் அதில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதையே உலகச் சுகாதார நிறுவனம் மிகைக்குடி என வரையறுக்கிறது. அதாவது, டாஸ்மாக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய மதுப்புட்டியே மிகைக்குடியின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 650 மில்லி பீரில் இருப்பதோ சுமார் 40 கிராம்.

வளர்ந்தவரின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலையே சிதைக்க வல்லது. ஒரு குவார்ட்டர் நீங்க ஆறு மணி நேரத்திற்கும் மேலாகும். மோர் அதை விரைவுபடுத்தாது. எடை குறைந்த, உண்ணாத சிறுவனின் உடலில் அதே அளவு இன்னும் கடுமையாக வேலை செய்யும். இரத்தச் சர்க்கரை சரியும், மூச்சு மந்தமாகும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி உயிரைப் பறிக்கக்கூடும். இருபத்தைந்து வயதுவரை முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கும் மூளையின் நினைவாற்றலும் முடிவெடுக்கும் திறனும் தொடர்குடியால் பாதிப்படையும்.

'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதே பல நேரங்களில் உயிரைப் பறிக்கிறது. எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் அழைக்கத் தயங்குகிறார்கள். காவல் நிலையத்தில் சேரிப் பையனுக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே சட்டத்தையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அப்பிரிவு தண்டிப்பது கொடுத்தவரை. குடித்த குழந்தையை அன்று. சாவு வீட்டில் பறையடிக்க வந்த சிறுவனுக்குக் கூலியின் பங்காக மது ஊற்றிக்கொடுக்கும் ஊர்ப் பெரியவருக்கும் இப்பிரிவு பொருந்தும். வழக்கம் என்று சொல்லி அவர் தப்ப முடியாது.

தகவல் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சி கருணாபுரம் 2024 ஜூனில் காட்டியது. முதல் இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமன்று என மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் மறுத்தது. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவர்களுள் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அதன் பின்னரும் பொதுவெளியில் எழுந்த கேள்வி 'ஏன் குடித்தார்கள்' என்பதே.

மது எதிர்ப்பு நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மதுவிலக்குக்காகக் குரல் கொடுத்தவர் இரட்டைமலை சீனிவாசன். இன்றோ மதுவை விற்பது அரசே. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம்; 2023-24இல் அதன்வழி வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். 21 வயது நிரம்பாதவர்க்கு விற்கக்கூடாது என்று 2003 விதிகளே கூறுகின்றன. மது வாங்குவோருக்கு உரிம முறை கொண்டுவரவும், விற்பனை நேரத்தை பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை எனச் சுருக்கவும் 2023 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பரிந்துரைத்தது.

நாம் கேட்பவை மூன்று. வயதுச் சான்று பார்க்காமல் எந்தக் கடையிலும் விற்பனை கூடாது. ஒவ்வொரு புட்டியிலும் ஆல்கஹால் எத்தனை கிராம் என்பது தமிழில் அச்சிடப்பட வேண்டும். உறுதிமொழியோடு நிறுத்தாமல், இந்தக் கணக்கையும் முதலுதவியையும் ஒன்பதாம் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும். விற்பவர் அறிந்த அளவை, வாங்கி அழியும் பிள்ளையும் அறியட்டும்.