சீசாவிலே சிற்பமா?

"தமிழ்ப் பண்பாட்டு மது" என்றொரு புதுச்சரக்குக்கு லேபிள் வரையும் ஓவிய நண்பரே! மல்லைக் கடற்கரைக் கோயிலும், ஓங்கிய பனையும் உமது தூரிகைக்கு அகப்பட்டுவிட்டன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், சீசாவுக்குள்ளே இருப்பது என்ன?

நம் நாட்டில் வடிக்கும் சீமை மதுவகைகளிலே பெரும்பாலானவை சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகின் சாராயம். மணமும் நிறமும் பின்னர்ச் சேர்ந்தவை. உமது சரக்கும் அதுவேயானால், மேலே பனை எதற்கு? பனங்கள்ளிலேயே வடித்தது என்பீரோ? கள் இறக்கத்தான் 1987 முதல் தமிழகத்தில் தடையாயிற்றே! மாநில மரம் என்று மரத்துக்கு மாலை. ஏறி இறக்கியவன் கைக்கு விலங்கு!

பல்லவன் பெயரையும் பொறிப்பீராம். மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன், காஞ்சித் தெருவிலே குடித்துத் தள்ளாடும் காபாலிகனை எள்ளி நகையாடி 'மத்தவிலாசம்' எழுதியவன். அந்த நகைப்பு லேபிளில் ஏறுமோ?

2023 மே திங்களில், மரக்காணத்தை அடுத்த குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்திலும், மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கு லேபிளே இல்லை. உழைத்துக் களைத்தவன் உள்ளிருப்பது நஞ்சென்று எங்ஙனம் அறிவான்?

உமக்கோ லேபிள் இருக்கிறது. எதிலே வடித்தது, எவர் வடித்தது, எரிசாராயம் எத்தனை விழுக்காடு, உடலுக்கு என்ன கேடு — கோயிலை வரைந்த இடத்திலே, பெரிய தமிழ் எழுத்தில் எழுதும்!