எத்தனை ஓடியது?

பழைய கார் ஒன்று விலைக்கு வந்து வாசலில் நின்றால் நம்மவர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே. "எத்தனை ஓடியிருக்கு?" என்பர். கதவைத் திறக்கு முன்பே கழுத்தை நீட்டி மீற்றரை எட்டிப் பார்ப்பர். ஐம்பதினாயிரம் என்றால் முகம் மலரும். ஒன்றரை இலட்சம் என்றால் சுருங்கும். அதன் பின்பு சொல்லப்படுபவை எவையும் செவியில் ஏறுவதில்லை. இக் கேள்வியே பிழையான கேள்வி என்பதும், இதனை விடாது கேட்டுக் கேட்டே பொய்யரை நாம் வளர்த்து வருகிறோம் என்பதும் என் கருத்து. இக் கருத்தை நான் நூல்களிற் கற்கவில்லை. பணம் கொடுத்தே கற்றேன்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றின் மீற்றரில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 மைல் கடந்ததும் அது வெட்கமின்றி மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். 1990களில், குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத நாட்களில், இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையில் வீதியே மறையும். அந்தக் கார்களிற் பலவற்றுக்கு மீற்றர் வேலை செய்ததே இல்லை. ஆயினும் கார்கள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. எதைக் கேட்டு வாங்கினார்கள்? "ஆர் வைச்சிருந்த கார்? ஆற்றை கராச்சிலை வேலை பாத்தது?" என்று கேட்டு வாங்கினார்கள். இன்ன வைத்தியர் வைத்திருந்தது, இன்ன சந்தியில் இன்னார் வேலை பார்த்தது என்று விடை வரும். வாங்குபவர் அந்தச் சந்திக்குச் சென்று அந்த மனிதரை விசாரிப்பார். அன்று காருக்குப் பூர்வீகம் இருந்தது. இன்று அதற்கு இருப்பது ஓர் இலக்கம்.

அந்த இலக்கத்தின் நம்பகத்தன்மை யாது? நம் நாட்டுக்கு வரும் பழைய கார்களிற் பெரும்பாலானவை யப்பானிலிருந்து வருவன. அங்கே புதிய கார் மூன்றாண்டிலும், அதன் பின் இரண்டாண்டுக்கு ஒரு தடவையும், கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுகிறது. பின்னர் ஏலத்துக்கு வரும்போது பரிசோதகர் ஒருவர் அதன் கீறல், நெளிவு, மாற்றிய பாகம் யாவற்றையும் ஒரு தாளிற் குறித்துத் தரமிடுகிறார். ஓடிய தூரமும் அத் தாளில் உண்டு. அதுவரை காரின் கதை ஒழுங்காக எழுதப்பட்டே வருகிறது. ஏல முற்றத்துக்கும் நமது வீதிக்கும் இடையே எங்கோ அந்தத் தாள்கள் காணாமற் போய்விடுகின்றன. மீற்றரின் இலக்கமோ இன்று மின்னணுச் சில்லு ஒன்றினுட் பதிந்திருப்பது. ஸ்ரியறிங்கின் கீழுள்ள துவாரத்திற் சிறு கருவி ஒன்றைச் செருகி, தேநீர் ஆறுவதற்குள் அதனை மாற்றிவிடலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு திறக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின. அந்தக் காலத்திலே தான், 2021 இல், எனது பணிக்கொடையிற் பெரும்பகுதியைக் கொடுத்து 2009 ஆம் ஆண்டுச் சிறு யப்பானியக் கார் ஒன்றை வாங்கினேன். மீற்றர் 58,000 கிலோமீற்றர் என்றது. முப்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் நான். செய்கை காட்டாது விடையை மட்டும் எழுதிய மாணவனுக்குப் புள்ளி கொடுத்தறியேன். ஆனால் அன்று செய்கை ஒன்றையும் கேளாமல் அந்த விடைக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தின் பின் காரைப் பார்த்த மெக்கானிக் மீற்றரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மாஸ்ரர், பிறேக் மிதிக்கிற றப்பரைப் பாருங்கோ" என்றார். அதன் வரிகள் ஒரு புறம் முற்றாகத் தேய்ந்திருந்தன. சாரதி ஆசனத்தின் வெளி ஓரம் அமுங்கிப் பளபளத்தது. பின்பு அவர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த உள்ளூர் ஒயில் மாற்றிய தாளை நகத்தால் மெல்ல உரித்தார். அதன் கீழே இன்னொரு தாள்! யப்பானிய எழுத்து நமக்குத் தெரியாது; இலக்கம் தெரியுமன்றோ? ஆண்டு 25 என்றும், 71,200 என்றும் எழுதியிருந்தது. யப்பானியர் பேரரசரின் ஆட்சியாண்டாலும் காலம் கணிப்பவர்கள். அப்போதைய ஹெய்செய் ஆட்சியின் 25 ஆம் ஆண்டு 2013. ஆக, எட்டாண்டு ஓடியதில் என் கார் பதின்மூவாயிரம் கிலோமீற்றர் இளமை எய்தியிருக்கிறது!

சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டோடு அமையவில்லை. கிடைத்த ஏடுகளை எல்லாம் ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார்கள். கார் வாங்குவோனும் பாடபேதம் பார்க்க வேண்டியவனே. மீற்றர் ஓர் ஏடு. மிதி றப்பர் இன்னோர் ஏடு. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்தது. பன்னிரண்டாயிரம் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் கார், உடன்பிறந்த ரயர்களைக் கழற்றிவிட்டுப் புதியன அணிந்து நின்றால் காரணம் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமேயன்றி உடனே தீர்ப்பெழுதிவிடலாகாது. ஆணி ஏறியும் ரயர் மாற்றுவதுண்டு. சேர்விஸ் புத்தகம் இருந்தால் திகதியும் தூரமும் ஒன்றாக ஏறிச் செல்கின்றனவா என்று பார்க்கலாம். ஐந்தாண்டுப் பதிவுகள் யாவும் ஒரே பேனையில், ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் அப் புத்தகம் ஒரே இரவிற் பிறந்தது என அறிக. ஏலத்தாளையும் விற்பவர் கையிலிருந்து வாங்குவதிலும் செசி இலக்கத்தைக் கொண்டு நாமே கட்டணம் செலுத்திப் பெறுதல் நன்று. போலித் தாள்களும் உலவுகின்றன. எல்லாவற்றிலும் மேலாக, முன்பு சேர்விஸ் செய்த இடத்துக்கு உரிமையாளரையும் அழைத்துச் செல்லுங்கள். வர மறுப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமலே பலவற்றைச் சொல்லிவிடுகிறார்.

மீற்றர் உண்மையே சொன்னாலும் அது சொல்வது சிறிதளவே. கொழும்புக் காலி வீதியின் நெரிசலிற் கார் அசையாது நிற்கும்போது இயந்திரம் உழைத்துக்கொண்டே இருக்கிறது. மீற்றர் அதனை எண்ணுவதில்லை. ஏ-9 வீதியில் சீராக ஓடிய இலட்சம் கிலோமீற்றரிலும் நகரத்தில் நின்று நின்று ஓடிய ஐம்பதினாயிரம் இயந்திரத்தை அதிகம் வருத்தக்கூடும். கலப்பு இயந்திரக் கார்களின் பெரிய பற்றரியோ, ஓடாது நின்றாலும் ஆண்டுகளாலும் வெப்பத்தாலும் முதுமையடைகிறது.

காரை விற்றவரிடம் திரும்பிச் சென்றேன். மறுப்பார் என எண்ணினேன், அவர் மறுக்கவில்லை.

"மாஸ்ரர், உண்மையான இலக்கத்தோடை இந்தக் கார் மூண்டு மாசம் இதிலைதான் நிண்டது. வந்த ஆக்களெல்லாம் எட்டிப் பாத்திட்டுப் போச்சினம். குறைச்சு ரெண்டாம் நாள் நீங்கள் வந்தியள்."

இது திருடனின் நியாயம். ஏமாற்றி விற்கும் வணிகரைத் தடுக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. அச் சட்டத்தின் முன் அவர் கூற்று நிற்காது. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதே கார், அதே இயந்திரம், நேர்மையான இலக்கத்தோடு நின்றிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? கதவைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டேன்.

இந்த ஆராய்ச்சி 2025 இல் பரீட்சைக்கு வந்தது. காரை நான் விற்க வேண்டியதாயிற்று. மீற்றரில் 83,000 நின்றது. ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த யப்பானியத் தாளை ஒட்டி, "மீற்றர் பொய், 2013 இலேயே 71,200" என எழுதினேன். அடுத்த பக்கங்களில் என் காலத்துச் செலவுகள், பற்றுச்சீட்டுகளோடு. மூவர் வந்து முதற் பக்கத்தோடு போய்விட்டனர். நான்காமவர், நல்ல மனிதர், இரக்கத்தோடு சொன்னார்: "மாஸ்ரர், இந்தக் கொப்பியை ஏன் காட்டுறியள்? மீற்றரிலை உள்ளதைச் சொன்னாக் காணுமே."

ஐந்தாவதாக இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். அரை மணி நேரம் நின்றே கொப்பியை வாசித்தார். 2022 இல் ஏழு மாதம் பதிவு ஏதும் இல்லையே என்று கேட்டார். எரிபொருள் வரிசைக் காலம், கார் முற்றத்தில் நின்றது என்றேன். சந்தை விலையிற் கணிசமாகக் குறைத்தே கேட்டார், கொடுத்தேன். நட்டம்தான்.

சென்ற வாரம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மெக்கானிக்கின் கையெழுத்து விளங்கவில்லையாம். மாற்றியது தண்ணீர்ப் பம்பா, பெற்றோல் பம்பா என்று கேட்டார். தண்ணீர்ப் பம்பு என்றேன்.