முதலாம் பாடவேளையில் தூங்கும் பிள்ளைகள்

காலை 7.30க்கு மணி அடித்து, காலைக் கூட்டமும் முடிந்து, முதலாம் பாடவேளை ஆரம்பித்துப் பத்து நிமிடம் சென்றிருக்காது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துவிடும். முன்பெல்லாம் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். இப்போது "ராவு எத்தன மணிக்குப் படுத்தீங்க?" என்றுதான் கேட்கிறோம். பதினொன்று, பன்னிரண்டு என்று கூச்சமில்லாமல் பதில் வரும். அடுத்த கேள்வி, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பது. பிளேன்டீயும் பிஸ்கட்டும் என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள்.

இந்தப் பிள்ளையைத்தான் தவணை முடிவில் "கவனம் போதாது" என்று அறிக்கையில் எழுதிக் கொடுக்கிறோம். எத்தனையோ அறிக்கைகளில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

குறை காலையில் தொடங்குவதில்லை. முதல் நாள் பகலிலேயே தொடங்கிவிடுகிறது. 1.30க்குப் பாடசாலை விட்டால், சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஒரு வகுப்பு. பிறகு குர்ஆன் மத்ரஸா. மஃரிபுக்குப் பின் இன்னொரு டியூஷன். வீட்டு வேலைகளை முடித்து இராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒன்பதரை, பத்தாகிவிடும். அதுவும் பல நாட்களில் கடைக் கொத்துதான். நாள் முழுக்கப் பிறர் சொன்னபடி ஓடிய பிள்ளைக்குத் தனக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் அதன் பிறகுதான். அதை ஃபோன் எடுத்துக்கொள்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். காலை 6 மணிக்கு எழும்பும் பிள்ளை இரவு 9 மணிக்காவது படுத்திருக்க வேண்டும். எமது ஊர்களில் ஒன்பது மணிக்கு விளக்கணைக்கும் வீடு எத்தனை?

நேரம் சென்று சாப்பிட்டு, நேரம் சென்று படுத்த வயிற்றுக்குக் காலையில் பசிக்காது. "கொடுத்தாலும் திங்கிறானில்ல டீச்சர்" என்று உம்மாமார் சொல்வது பொய்யல்ல. அந்தப் பசி இடைவேளை வரை காத்திருந்து, ரோல்ஸிலும் இனிப்புப் பானத்திலும் தீர்கிறது. சீனி தரும் உசார் நெடுநேரம் நிற்பதில்லை. கடைசிப் பாடவேளைகளில் வகுப்பு மீண்டும் சோர்ந்துவிடும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016இல் வந்தது. அந்தச் சிவப்பு எதைக் குறிக்கிறது என்று தரம் 7 மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "ஸ்ட்ரோபெரி டீச்சர்" என்றார்! பாடசாலை உணவுத் திட்டம் 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் தரம் 6க்கு வந்ததும் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. வளர்ச்சி வேகமெடுத்து, பசியும் கூடும் வயது அதுதான்.

2022 நெருக்கடிக்குப் பிறகு மீனும் முட்டையும் பல வீடுகளில் கணக்குப் பார்த்து வாங்கும் பொருட்களாகிவிட்டன. கூலி வேலைக்குப் போகும் வாப்பாவிடம் போசாக்கைப் பற்றிப் பேச எனக்கும் நா எழுவதில்லை. இருந்தாலும் வகுப்பில் அதிகம் சோர்ந்து கிடப்பது ஏழைப் பிள்ளைகள் மட்டுமல்ல. கையில் இருநூறு, முந்நூறு ரூபாயோடு வரும் பிள்ளைகளும்தான். அந்தக் காசில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் வீட்டிலேயே கட்டிக் கொடுக்கலாம். வல்லாரைக் கஞ்சி ஒரு கோப்பை, இரண்டு வாழைப்பழம் என்றாலும் போதும். நேரமில்லை என்பார்கள். நோன்பு மாதத்தில் முழு வீடும் சஹருக்கு எழும்பிச் சமைத்துச் சாப்பிடுகிறதே! மற்றப் பதினொரு மாதமும் சுபஹுக்குப் பின் அரை மணித்தியாலம் கிடைக்காதா?

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையையும் பார்க்க வேண்டும். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் கேள்விப்பத்திரம் போட்டு, கூடிய தொகை கேட்பவருக்கே அதைக் கொடுத்தால், கட்டிய காசை அவர் ரோல்ஸிலும் பெட்டிஸிலும்தான் எடுப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கேள்விப்பத்திர நிபந்தனைகளைத் தீர்மானிக்கும்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் இருக்கிறார்கள். கட்டடத்துக்குக் காசு சேர்ப்பது பற்றி இரண்டு மணித்தியாலம் பேசும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் இடைவேளையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுந்து கேட்ட ஒரு பெற்றோரை இதுவரை கண்டதில்லை.

நாங்களும் தப்ப முடியாது. புலமைப்பரிசில் வகுப்பென்று இரவு எட்டரை வரை பிள்ளைகளை இருத்தி வைத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. பெறுபேறு வந்தபோது பெற்றோர் நன்றி சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வருடம் அந்த வகுப்பை அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடிக்கிறேன். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒன்பது மணி வரை படிப்பிக்கிறார்களாம்.