பெயர் தோட்டத்தில், ஆள் பட்டணத்தில்

கோலாலம்பூர் மாநகரின் அடுக்குமாடி வீடுகளில் இன்று குடியிருக்கும் தமிழர்களில் பலர் நேற்றுவரை நம்மோடு லயங்களில் வாழ்ந்தவர்கள். அல்லது அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு அங்கே வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும் பிழைப்பை நாடிப் பட்டணம் சேர்ந்தவர்கள். சட்டி பானைகளை எடுத்துச் சென்றார்கள். சாமி படங்களை எடுத்துச் சென்றார்கள். ஆனால் பலர் எடுத்துச் செல்ல மறந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் வாக்காளர் பட்டியலில் உள்ள அவர்களுடைய பெயர்.

அடையாளக் கார்டில் இன்னமும் பழைய தோட்டத்து விலாசமே இருக்கிறது. தேர்தல் நாளில் பட்டணத்து வாக்குச்சாவடியில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்கும் ஊருக்குப் போக லீவு இல்லை. லீவு கிடைத்தால் பஸ் காசு இல்லை. முடிவு என்ன? இரண்டு ஊரில் உறவு இருந்தும் ஓர் ஊரிலும் வாக்கு இல்லை.

இந்த வாக்குரிமை நமக்கு எளிதில் வந்ததா? 1955 ஜூலை 27ஆம் தேதி மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பால்மரம் சீவிய கைகள் பல்லாயிரம் இருந்தன. பிரஜாவுரிமை இல்லாததால் அந்தக் கைகளில் வாக்குச்சீட்டு இல்லை. 1957இல் பிறந்த அரசியல் சட்டம் அந்த வாசலை அகலத் திறந்தது. அப்படியிருந்தும் தக்க பத்திரங்கள் இல்லாத குறையால் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை எய்தியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டும் கிடைக்காத உரிமையை, கையில் வைத்திருப்பவர்கள் வீணாக்குவது நியாயமா?

முன்பெல்லாம் 21 வயது நிரம்பியவர் தாமே சென்று பதிய வேண்டும். பதியாதவர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15ஆம் தேதி முதல் 18 வயதான ஒவ்வொரு பிரஜையும் தாமாகவே வாக்காளராகிறார். 2018 பொதுத்தேர்தலில் 1 கோடியே 49 லட்சமாக இருந்த பட்டியல், 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சமாயிற்று.

ஆனால் வாக்களித்தோர் விகிதமோ 82 சதவீதத்திலிருந்து சுமார் 74 சதவீதத்துக்கு இறங்கியது. மக்கள் சோம்பிவிட்டார்கள் என்று உடனே தீர்ப்பு எழுதியோர் உண்டு. அது முழு உண்மையன்று. முன்பு பதியாதவர் கணக்கிலேயே சேரவில்லை. இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டார், சாவடிக்கு வந்து சேரவில்லை. வாக்களித்தோர் தொகை என்னவோ ஏறியேதான் இருக்கிறது. ஆயினும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் வரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே: பெயரைச் சேர்ப்பது சட்டத்தின் வேலை, அந்தப் பெயரைச் சரியான ஊரில் வைப்பதும், அன்றைய தினம் சென்று நிற்பதும் நம்முடைய வேலை.

"என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்பார்கள். 2022இல் பேராக்கின் பாகான் டத்தோ தொகுதியில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தவை 348 வாக்குகள். தென்னையும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரம் அது. எட்டு பஸ்களில் அடங்கிவிடும் கூட்டம்தான் அந்த 348!

மாநகர வாசிக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. சிலாங்கூரில் இருப்பவருக்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு வாக்குகள். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கூட்டரசுப் பிரதேசமாகிவிட்ட கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் இல்லை. 1952இல் 12 இடங்களுக்கு நடந்த நகராட்சித் தேர்தல் பழங்கதையாகிவிட்டது. டத்தோ பண்டார் நியமனத்தால் வருகிறவர். அந்தத் தேர்தலை மீண்டும் கேட்பது நியாயமே. அது வரும்வரை, கெப்போங் முதல் பண்டார் துன் ரசாக் வரையுள்ள 11 தொகுதிகளில் வாழ்கிறவருக்கு ஒரே ஒரு வாக்குதான். குப்பை அள்ளாவிட்டாலும், லிப்ட் ஓடாவிட்டாலும், வீட்டுக்கு ஆபத்து வந்தாலும் அவர் பேச வழி அது ஒன்றுதான். ஒற்றைக் கண் உள்ளவன் அந்தக் கண்ணையல்லவா பொத்திப் பொத்திக் காப்பான்?

கூலி விஷயத்தையும் எண்ணிப் பாருங்கள். தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டானது. 48 மணியாக இருந்த வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 45 மணியாயிற்று. பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. இவற்றைத் தொழிற்சங்கங்கள் கேட்டன, போராடின. ஆனால் சட்டமாக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. பந்தியில் உட்காராதவனுக்கு இலை போடுவார் யார்?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். பட்டணத்தில் நிலையாகக் குடியேறிவிட்டவர்கள் முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று அடையாளக் கார்டின் விலாசத்தை மாற்ற வேண்டும். அதோடு காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், முடியவில்லை. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர், தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு, ஆணையம் பார்வைக்கு வைக்கும் துணைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு ஓடுவதில் பயனில்லை. பட்டியல் அப்போது மூடப்பட்டிருக்கும்.

விடுதியில் தங்கித் தற்காலிகமாக வேலை செய்பவர்கள் ஊருக்குச் சென்றே வாக்களிக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து செலவைத் தாங்களே பகிர்ந்துகொண்டால் பிரயாணம் பாரமாகாது. வேட்பாளர் கொடுக்கும் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் கை நீட்ட வேண்டாம். சட்டமும் அதை ஒப்புவதில்லை, மானமும் ஒப்புவதில்லை.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம், 25ஆவது பிரிவில், வாக்களிக்க நியாயமான நேரம் தர வேண்டும் என்றும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்றும் தெளிவாகச் சொல்லுகிறது. இது தயவல்ல, கடமை. மறுக்கப்பட்டால் தொழிலாளி வாய்மூடி இருக்க வேண்டாம், சங்கத்தில் சொல்லட்டும்.

நம் கிளைக் காரியதரிசிகளும் தோட்டத்துக் கிராணிமார்களும் ஒரு காரியத்தை மேற்கொள்ள வேண்டும். லயத்தை விட்டுப் பட்டணம் போன குடும்பங்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது; நமக்குத் தெரியாத குடும்பம் எது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டெலிபோன் போதும்: "அண்ணே, விலாசத்தை மாற்றிவிட்டீர்களா? அக்கா, பிள்ளைக்கு 18 ஆகிவிட்டதே, பெயர் எந்த ஊரில் விழுந்திருக்கிறது, பார்த்தீர்களா?" படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்காருங்கள். யாருக்கு வாக்களிப்பது என்று அந்த மேசையில் பேச வேண்டாம். அது அவரவர் மனச்சாட்சி.

தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, பால் நிறுத்த கொட்டகையும் போயிற்று. அவற்றைத் திரும்பக் கொண்டுவர நம்மால் இயலாது. ஆனால், தொலைந்த தோட்டத்தோடு நம் வாக்கும் தொலைய வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. எங்கே அடுப்பு எரிகிறதோ அங்கே பெயர் இருக்கட்டும். எங்கே பெயர் இருக்கிறதோ அங்கே தேர்தலன்று ஆள் நிற்கட்டும்.